பட்டா, பஞ்சா, கம்பளியா? – சடைநாய்களின் உரோமமும் அதனை அறிந்த கைகளும்

கமுந்திங் என்னும் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டவுடன், மலாய்மொழி அறிந்தோர்க்குக் கெமுந்திங் என்னும் செடி நினைவுக்கு வரும். இளஞ்சிவப்பு மலரும் கருநீலக் கனியும் உடைய புதர்ச்செடி அது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் இச்செடி உண்டு. அங்குள்ள தமிழ் மக்கள் அதன் கனியைத் தவிட்டுப்பழம் என்பர். தாவர நூலார் இச்செடிக்கு இட்ட பெயரின் பிற்பகுதி 'டொமெண்டோசா' என்பதாகும். அடர்ந்த மென்மயிர் போர்த்தது என்பது அதன் பொருள். இலையின் மேற்புறம் வழவழப்பாக இருக்கும். அடிப்புறத்தை விரலால் வருடினால் கம்பளித் துணியைத் தொட்டது போல் தோன்றும். ஒரே இலைதான். கண் அதனை ஒன்றென்று சொல்லும். விரல் அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டும்.

விரலுக்கும் ஓர் அறிவு உண்டு என்பதை எனக்கு மீண்டும் நினைவூட்டியவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். 'நான் வளர்க்கும் செல்லப்பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். தன் வீட்டுச் சிறுநாயைப் பற்றி எழுதிய அவன், "அதன் மயிர் நீளமாக இருக்கும், அழகாக இருக்கும்" என்று முடித்துவிட்டான். மயிர் என்ற சொல்லைக் கேட்டு வகுப்பில் சிரிப்பு எழுந்தது. மானத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் வள்ளுவப் பெருந்தகை தயங்காமல் கையாண்ட சொல் அது என்று கூறிச் சிரிப்பை அடக்கினேன். பிறகு அவனைப் பார்த்து, "அழகு இருக்கட்டும், தம்பி. அந்த மயிர் பட்டுப் போன்றதா, பஞ்சு போன்றதா, கம்பளி போன்றதா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். மறுநாள் காலையில் வாயிலிலேயே என்னை நிறுத்தி, "பஞ்சு மாதிரிதான் ஐயா. சீவச் சீவச் சிக்கு விழுது" என்றான். தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்!

அவனுடைய விடை எனக்குள் ஒரு வினாவை எழுப்பியது. நாயின் உரோமத்திற்கும் நெசவுத் துணிக்கும் என்ன உறவு? பட்டு, பஞ்சு, கம்பளி என்று தறியடிச் சொற்களால் அதனைப் பெயரிடுவது வெறும் உவமைதானா? ஆராயப் புகுந்தபோது, அவ்வுவமைக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கக் கண்டேன். அதனை ஆசிரியப் பெருமக்களோடும் மாணவச் செல்வங்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழை மூன்று

இழைகளைப் பகுத்தறிவது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்தை வருணிக்கும்போது, பட்டாலும் மயிராலும் பருத்தி நூலாலும் நெய்யும் காருகர் வாழ்ந்த வீதியைக் குறிப்பிடுகின்றது. புழு தரும் இழை, விலங்கு தரும் இழை, செடி தரும் இழை என மூன்றையும் அக்காலத்து நெசவாளர் தனித்தனியே அறிந்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும். நீண்ட உரோமம் உடைய நாயைச் சடைநாய் என்று தமிழர் வழங்கினர். ஆயினும் ஒரு சடைக்கும் மற்றொரு சடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெயரிட்டு வகுக்கும் தேவை இங்கு எழவில்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நம் நாட்டு நாயினங்கள் யாவும் குட்டை மயிர் கொண்டவை. வேட்டைக்கும் காவலுக்கும் உரியவை. சடைநாயின் உரோமத்தை விரல்நுனியால் எடைபோடும் கலை வேறோரிடத்தில் வளர்ந்தது. அதனை வளர்த்தவர்களும் நெசவுத் தொழிலாளர்களே.

ஆலைத் தொழிலாளியும் அவன் நாயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க்ஷயர், லங்காஷயர் வட்டாரங்கள் ஆலைப் புகையால் கறுத்திருந்தன. பிராட்போர்டு, ஹடர்ஸ்பீல்டு, லீட்ஸ் ஆகிய நகரங்களில் கம்பளி ஆலைகள் இரவு பகலாக இயங்கின. கைத்தறி நலிந்ததால் வாழ்விழந்த ஸ்காட்லாந்து நெசவாளர் பலர் பிழைப்புத் தேடி இந்நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கடல் கடந்து பால்மரக்காட்டுக்கு வந்த நம் முன்னோரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இக்காட்சி அயலானதாகத் தோன்றாது.

வந்தவர்கள் தம்மோடு சிறிய நாய்களையும் கொண்டுவந்தனர். ஆலையிலும் சுரங்கத்திலும் எலி பிடிப்பது அந்நாய்களின் வேலை. இத்தகைய ஸ்காட்லாந்து நாய்கள் சிலவற்றை உள்ளூர் நாய்களோடு இணைத்துத் தொழிலாளர்கள் ஒரு புதிய இனத்தை உருவாக்கினர். 1861இல் நடந்த நாய்க் கண்காட்சியில் இவ்வகை நாய், 'முரட்டு மயிர் ஸ்காட்லாந்து டெரியர்' என்னும் பொருள்படும் பெயரில் நின்றது. 1870ஆம் ஆண்டளவில், இந்நாயை இவ்வளவு மேம்படுத்தியது யார்க்ஷயர் மண்ணே. ஆதலால் யார்க்ஷயர் டெரியர் என்பதே தகும் என்ற கருத்து அச்சேறியது. பெயரும் நிலைத்தது. இவ்வினத்தின் தந்தை எனப் போற்றப்படுவது 'ஹடர்ஸ்பீல்டு பென்' என்னும் நாய். 1865இல் பிறந்த அது, பிராட்போர்டைச் சேர்ந்த மேரி ஆன் பாஸ்டர் என்னும் அம்மையாரிடம் வளர்ந்து, எழுபதுக்கும் மேற்பட்ட பரிசுகளைப் பெற்று, 1871இல் வண்டியின் சக்கரத்தில் சிக்கி மாண்டது. ஆறே ஆண்டு வாழ்ந்த நாயின் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. அவ்வினத்தை உருவாக்கிய ஆலைத் தொழிலாளருள் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை. வரலாறு எழுதப்படும் முறையில் உள்ள கொடுமை இது.

பரிசு பெறும் யார்க்ஷயர் நாயின் இலக்கணம் யாது? உரோமம் நேராக, அலையின்றி, பளபளப்பாக, பட்டுப்போல் நுண்ணிதாக இருத்தல் வேண்டும். கம்பளித் தன்மை கூடாது. இன்றளவும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் வைத்திருக்கும் விதி இதுவே. அவ்வமைப்பு தோன்றியது 1873இல். ஆனால் பட்டையும் கம்பளியையும் பிரித்தறியும் திறன் அதற்கும் முன்பே பிராட்போர்டு ஆலைகளின் பிரிப்பறைகளில் முதிர்ந்திருந்தது. டைட்டஸ் சால்ட் என்பவர் 1853இல் திறந்த சால்டேர் ஆலை, பெரு நாட்டு அல்பகா விலங்கின் உரோமத்தால் பளபளக்கும் துணியை நெய்து புகழ்பெற்றது. அங்கோரா ஆட்டின் உரோமமாகிய மொஹேரும் அந்நகரில் வந்து குவிந்தது. கட்டவிழ்த்த பொதியை மேசையின்மேல் பரப்பி, சாளரத்தின் வெளிச்சத்தில், நுண்மை, நீளம், மிளிர்வு ஆகியவற்றைக் கையால் அறிந்து பிரிப்பது ஒரு தனித்தொழில். நாளெல்லாம் உரோமம் பிரித்த கைதான், மாலையில் வீடு திரும்பி நாய்க்குட்டியையும் தடவிப் பார்த்தது. அந்நாயின் பட்டு மயிர் தறியிலேயே நெய்யப்பட்டது என்று அக்காலத்தார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைதான்; ஆயினும் அதில் ஓர் உண்மை பொதிந்திருந்தது.

உரோமம் பிரித்த கைகளுக்கு நேர்ந்தது

அந்த அறிவுக்குத் தொழிலாளர் கொடுத்த விலை பெரிது. அல்பகா, மொஹேர்ப் பொதிகளைப் பிரித்தோருள் சிலர் திடீரெனக் குளிர்நடுக்கம் கண்டு, மூச்சுத் திணறி, சில நாள்களுக்குள் மடிந்தனர். மக்கள் இதனைக் 'கம்பளி பிரிப்போர் நோய்' என்றனர். பிராட்போர்டு மருத்துவர் ஜான் ஹென்றி பெல் இதனை ஆராய்ந்து, 1880ஆம் ஆண்டளவில், இஃது ஆந்த்ராக்ஸ் என்னும் கால்நடை நோயே என நிறுவினார். நோயுற்று மாண்ட விலங்குகளின் உரோமத்தில் தங்கிய நுண்வித்துகள் தூசியோடு கலந்து தொழிலாளரின் நுரையீரலுள் புகுந்தன. 1905இல் பிராட்போர்டில் ஆந்த்ராக்ஸ் ஆய்வுக்குழு அமைந்தது. பிரெடெரிக் வில்லியம் யூரிச் அதன் நுண்ணுயிர் ஆய்வாளராக உழைத்தார். 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1921இல் லிவர்பூல் துறைமுகத்தில், இறக்குமதியாகும் கம்பளியைத் தூய்மை செய்யும் அரசு நிலையம் இயங்கத் தொடங்கியது. நோய்க்குக் காரணம் தெரிந்த பின்னும் காப்பு வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

செல்வர் மடியில் பட்டுப்போல் மிளிரும் ஒரு நாயைக் காணும்போது, இந்த வரலாற்றையும் நாம் நினைத்தல் வேண்டும். பட்டு எது, கம்பளி எது என்று உலகிற்குச் சொன்ன விரல்கள் இவர்களுடையவை.

ஒற்றைப் போர்வையும் இரட்டைப் போர்வையும்

யார்க்ஷயர் நாய் மட்டுமன்று. வேறு பல சிறுநாய்களும் நீண்ட உரோமம் உடையவை. அவற்றை இரு பெரும்பிரிவாக வகுக்கலாம். மேல்மயிர் மட்டும் உடையவை ஒற்றைப் போர்வையின. மேல்மயிருக்கு அடியில் மென்மையான அடிமயிரும் செறிந்தவை இரட்டைப் போர்வையின.

மால்ட்டீஸ் என்னும் வெண்ணிற நாய் ஒற்றைப் போர்வை உடையது. அதன் உரோமம் இருபுறமும் பட்டுத்திரை போல் தொங்கும். சுருளோ கம்பளித் தன்மையோ இருந்தால் குறையாகக் கொள்வர். பட்டாம்பூச்சி போன்ற செவிகளையுடைய பாப்பிலான் நாய்க்கும் அடிமயிர் இல்லை.

பொமரேனியன் இதற்கு நேர்மாறானது. அதன் மேல்மயிர் நேராகவும் முரடாகவும் எழுந்து நிற்கும். அடிமயிர் கம்பளிபோல் அடர்ந்து அதனைத் தாங்கும். 1888இல் விக்டோரியா அரசியார் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து இவ்வகை நாய்களைக் கொண்டுவந்த பின்னர், உருவம் சிறுத்த பொமரேனியன் இங்கிலாந்தில் பெரிதும் விரும்பப்பட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களுள் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வேறோர் இனத்தைச் சேர்ந்தவை.

பெக்கினீஸ் நாய்க்கும் இரட்டைப் போர்வையே. முரட்டு மேல்மயிர், தடித்த மென்மையான அடிமயிர். இந்நாய் மேலைநாடு சென்ற கதை போரின் கதையாகும். 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகரின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபோது, அங்கிருந்த சிறுநாய்கள் சிலவற்றையும் எடுத்துச் சென்றனர். அவற்றுள் ஒன்று விக்டோரியா அரசியாரைச் சென்றடைந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'லூட்டி'. கொள்ளைப்பொருள் என்பது கருத்து. அந்த ஆங்கிலச் சொல்லே இந்தி மொழியிலிருந்து கொள்ளப்பட்டது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

உரோமத்தின் இயல்பை அறிவதன் இன்றியமையாமையை ஷிட்சூ, லாசா அப்சோ ஆகிய இரண்டின் வரலாறு காட்டும். சீனாவிலிருந்து வந்த நாய்களும் திபெத்திலிருந்து வந்த நாய்களும் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரே பெயரால் வழங்கப்பட்டன. அருகருகே நிறுத்திப் பார்த்தபோது வேறுபாடு புலப்பட்டது. 1934ஆம் ஆண்டளவில் அவை இரண்டு இனங்களாகப் பிரிந்தன. முகமும் காலும் வேறுபட்டன, உரோமமும் வேறுபட்டது. ஷிட்சூவின் மேல்மயிர் நீண்டு செறிந்தது. சிற்றலை இருந்தாலும் ஏற்பர். லாசா அப்சோவின் மேல்மயிரோ கனத்து, நேராக, கடினமாக இருத்தல் வேண்டும். அது பட்டும் அன்று; கம்பளியும் அன்று என்று இலக்கணமே எதிர்மறையில் கூறுகின்றது. மலைக்காற்றைத் தாங்க வேண்டிய நாய்க்குப் பட்டாடை எதற்கு?

அறியும் முறை

இனி, நம் முன்னுள்ள ஒரு நாயின் உரோமத்தை எவ்வாறு இனங்காண்பது என்று பார்ப்போம். பள்ளிச் சிறுவரும் செய்யத்தக்க நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, வகிடு எடுத்தல். முதுகின் உரோமத்தை இரு பக்கமும் விலக்கினால், ஒற்றைப் போர்வையாயின் தோல் எளிதில் தெரியும். இரட்டைப் போர்வையாயின் அடிமயிர் பஞ்சுத் தலையணை போல் தோலை மறைக்கும்.

இரண்டாவது, வெளிச்சத்தில் காணல். பட்டுமயிர் ஒளியை மிளிரச் செய்யும். கண்ணுக்குக் கோடு கோடாக ஒழுகும். பஞ்சுமயிரும் கம்பளிமயிரும் ஒளியை விழுங்கி மங்கித் தோன்றும்.

மூன்றாவது, தூக்கி விடுதல். ஒரு கற்றையை உயர்த்தி விட்டால், பட்டுமயிர் நீர்போல் வழிந்து தன்னிடம் சேரும். பஞ்சுமயிர் உப்பி நிற்கும். முரட்டுமயிர் விறைப்பாக மீளும்.

நான்காவது, விரலிடை உருட்டல். பட்டுமயிர் குளிர்ச்சியாக நழுவும். பஞ்சுமயிர் ஒன்றோடொன்று பற்றிச் சிக்காகும். கம்பளிமயிர் திரண்டு உருளும். முரட்டுமயிர் விரலை உறுத்தும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குட்டியைப் பார்த்து உடனே முடிவு கூறலாகாது. யார்க்ஷயர் குட்டி கருமையும் பழுப்புமாகப் பிறந்து, ஈராண்டு மூவாண்டு கழிந்த பின்னரே முதுகில் எஃகு நீலம் பெறும். இழையின் தன்மையும் வளர வளர மாறும். கருத்தடை செய்யப்பட்ட நீள்மயிர் நாய்கள் சிலவற்றின் உரோமம் பின்னர்க் கம்பளித் தன்மை அடைவதுமுண்டு. ஆகவே வயதும் உடல்நிலையும் அறிந்தே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

கை கண்டதை இக்கால அறிவியலும் ஒருவாறு விளக்கியுள்ளது. 2009இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, எண்பது இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டது. எப்.ஜி.எப்.5 உரோமத்தின் நீளத்தையும், ஆர்.எஸ்.பி.ஓ.2 மீசை, புருவ மயிரையும், கே.ஆர்.டி.71 சுருளையும் தீர்மானிக்கின்றன என்றும், பெரும்பாலான நாயினங்களின் உரோம வேறுபாட்டை இம்மூன்றின் சேர்க்கையால் விளக்கலாம் என்றும் அவ்வாய்வு கண்டது. மூன்று எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பல சொற்களை ஆக்குவது போன்றது இது. மரபணு என்னும் சொல்லே பிறவாத காலத்தில், ஆலைத் தொழிலாளர்கள் வேண்டிய உரோமத்தைக் கண்ணாலும் கையாலும் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தினர் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

நம் மழையும் நம் கைகளும்

இவ்வறிவு நமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். எங்கள் ஊரை அடுத்த தைப்பிங் நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. இத்தகைய ஈரக்காற்றில் பஞ்சுமயிர் நாளுக்கு நாள் சிக்கேறும்; சிக்கினுள் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். பட்டுமயிர் நாய்க்குப் போதுமான பராமரிப்பு பஞ்சுமயிர் நாய்க்குப் போதாது. இரட்டைப் போர்வை நாய்க்கு வெப்பம் தாளாதென்று எண்ணி முழுதும் மழித்துவிட்டால், அடுத்து முளைப்பது திட்டுத்திட்டாக, இயல்பு கெட்டு முளைத்தலும் உண்டு. அடிமயிரைச் சீவி எடுப்பதே அதற்கு உதவி. உரோம வகையை அறியாத அன்பு, விலங்கிற்குத் துன்பமாகவே முடியும். என் மாணவனின் நாய் பஞ்சுமயிர் உடையது. அது நாயின் குற்றமன்று. நாள்தோறும் சீவ வேண்டும் என்பதே அதற்குரிய மருந்து. அவன் இப்பொழுது அவ்வாறே செய்து வருகிறான்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளைத் தொடர்ந்து, பின்னாளில் இம்மாநிலமெங்கும் பால்மரக்காடு பரந்தது. அக்காட்டோடு நம் மக்களின் வாழ்வும் பிணைந்தது. என் தாயார் ரப்பர்த் தாளை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, குமிழி உண்டா, தூசி உண்டா, பூஞ்சணம் படர்ந்ததா என்று ஒரு நொடியில் சொல்வார். புகை போதுமா போதாதா என்பதை விரலால் அழுத்தியே அறிவார். பிராட்போர்டுத் தொழிலாளி சாளர வெளிச்சத்தில் உரோமம் பிரித்ததைப் படித்தபோது, என் கண்முன் நின்றது அந்தப் புகைவீட்டு வாயிலே. அவ்விருவருக்கும் கையே ஏடு, தொழிலே பள்ளி.

தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டுவிட்டன. பல செம்பனைக்கு மாறிவிட்டன. கட்டிப்பால், கோட்டுப்பால் என்ற சொற்களைச் சொன்னால் என் மாணவர்களுக்கு விளங்குவதில்லை. சொல் போனால், அச்சொல்லைப் படைத்த கையின் அறிவும் உடன் போய்விடும். யார்க்ஷயர் தொழிலாளியின் பெயர் மறைந்தாலும், அவன் வகுத்த பட்டும் கம்பளியும் ஒரு சிறுநாயின் முதுகில் இன்றும் வாழ்கின்றன. நம் தாய்மாரின் கை அறிந்தவை எங்கே வாழ்கின்றன? எங்கே எழுதப்பட்டுள்ளன?

ஆசிரியப் பெருமக்களே! 'அழகாக இருக்கும்' என்று எழுதும் மாணவனை அவ்வளவில் விட்டுவிடாதீர்கள். தொட்டுப் பார்த்துவரச் சொல்லுங்கள்; தொட்டதற்குச் சரியான சொல் தேடச் சொல்லுங்கள். பிறகு அவன் பாட்டியிடம் அனுப்புங்கள். அப்பாட்டியின் விரல்கள் எவற்றை எவ்வாறு பிரித்தறிந்தன என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வரச் சொல்லுங்கள். நம் வரலாற்றின் எழுதப்படாத ஏடுகள் அந்தக் கைகளில்தான் இருக்கின்றன. அவை மடிக்கப்படுவதற்கு முன்பாக நாம் படித்துவிட வேண்டும்.